நவம்பர் மழை

2002 நவம்பரில் கனடாவின் மேற்கு மலைகளில் மழை பெய்தது. வெண்பனி கொட்ட வேண்டிய உயரத்தில், வெண்பனி கொட்ட வேண்டிய மாதத்தில் பெய்த மழை. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து மலைகளில் அதுவரை சேர்ந்திருந்த இளம்பனியின் மேற்பரப்பை அது நனைத்தது. குளிர் திரும்பியதும் நனைந்த பரப்பு உறைந்து, ஆறிய சர்க்கரைப் பாகு போல ஓடு கட்டியது. அதன்மேல் புதுப்பனி விழுந்தது. டிசம்பரிலும் விழுந்தது, ஜனவரியிலும் விழுந்தது. ஓடு கண்ணுக்கு மறைந்தது. ஆனால் இல்லாமல் போகவில்லை.

2003 ஜனவரி 20 அன்று காலை, ரெவல்ஸ்டோக் நகருக்கு அப்பால் செல்கர்க் மலைத்தொடரின் ஒரு சரிவில் சுமார் 20 பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கிரெய்க் கெல்லி. ஸ்னோபோர்டில் 4 முறை உலகப் பட்டம் வென்றவர். அன்று அவர் வீரராகப் போகவில்லை. மலை வழிகாட்டியாகப் பயிற்சி பெறும் மாணவராகப் போயிருந்தார்.

அந்த மழைக்கும் அந்தக் காலைக்கும் நடுவே பனிக்குள் என்ன நடந்தது என்பதை நோக்கித்தான் இந்த அத்தியாயம் போகிறது. ஆனால் மலையுச்சியிலிருந்து ஒற்றைப் பலகையில் நின்றபடி இறங்க வேண்டும் என்று மனிதர்களுக்கு எப்படித் தோன்றியது, மாவு போன்ற பனியில் அந்தப் பலகை ஏன் புதையாமல் போகிறது என்பவற்றைச் சொல்லாமல் அங்கே போய்ச் சேர முடியாது.

கதை ஒரு வீட்டின் பின்புறத்து மேட்டில் தொடங்குகிறது. 1965 கிறிஸ்துமஸ் நாள். மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள மஸ்கீகன் ஊரில் ஷெர்மன் பாப்பென் என்ற பொறியாளர், வீட்டுக்குள் அடைந்து கிடந்த தம் மகள்களுக்கு விளையாட ஏதாவது செய்து தர நினைத்தார். இரண்டு ஸ்கீ பலகைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பிணைத்தார். குழந்தைகள் கடல் அலையில் நிற்பவர்களைப் போல அதன்மேல் பக்கவாட்டில் நின்று சறுக்கினார்கள். 'ஸ்னோ'வையும் 'சர்ஃபர்' என்பதையும் கலந்து 'ஸ்னர்ஃபர்' என்று பெயர் வைத்தவர் அவருடைய மனைவி. பிரன்ஸ்விக் நிறுவனம் அதைத் தயாரிக்கும் உரிமையைப் பெற்று லட்சக்கணக்கில் விற்றது. காலைப் பலகையோடு பிணைக்க அதில் எதுவும் கிடையாது. முனையில் ஒரு கயிறு மட்டும் இருந்தது; அதைக் கடிவாளமாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாப்பென் ஒருவர் மட்டும் இதைக் கண்டுபிடித்தார் என்று சொல்வது நியாயமாகாது. அவருக்கு 2 ஆண்டுகள் முன்பே, நியூஜெர்சியில் பள்ளி மாணவனாக இருந்த டாம் சிம்ஸ் தச்சுப் பட்டறை வகுப்பில் இதே போல ஒரு பலகை செய்திருந்தார். 1970களின் தொடக்கத்தில் டிமிட்ரி மிலோவிச் யூட்டா மாநிலத்தில் செய்த 'வின்டர்ஸ்டிக்' பலகைகள்தான் என் கண்ணுக்கு எல்லாவற்றிலும் அழகானவை. தகைவிலான் குருவியின் வாலைப் போல அவற்றின் பின்முனை இரண்டாகப் பிளந்திருக்கும். அது அலங்காரத்துக்குச் செய்ததல்ல. பின்பக்கத்தின் பரப்பைக் குறைத்தால் வால் பனிக்குள் சற்றே அமிழும். மூக்கு தானாக மேலெழும். கடலில் அலைப்பலகை செய்பவர்களின் கைக்குத் தெரிந்த சூத்திரம் அது. மலைக்கு வந்து சேர்ந்தது.

1977இல் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் வெர்மான்ட் மாநிலத்தின் லண்டன்டெரியில் பலகை செய்யத் தொடங்கினார். 1979இல் மிச்சிகனில் நடந்த ஸ்னர்ஃபர் போட்டிக்கு அவர் கொண்டுவந்த பலகையில் காலைப் பிணைக்கும் வார் இருந்தது. இது ஸ்னர்ஃபரே இல்லை என்று மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். அவருக்காகத் தனிப் பிரிவு ஒன்று உண்டாக்கினார்கள். அந்த வார் சின்ன விஷயமாகத் தோன்றலாம். கால் பலகையோடு ஒன்றிய பிறகுதான் உடம்பின் எடையைக் குதிகாலிலிருந்து விரலுக்கு மாற்றி, விளிம்பைப் பனியில் அழுத்தித் திரும்ப முடிந்தது. இடையில் சிறுத்து இரு முனைகளிலும் அகன்ற பலகையைச் சாய்த்து அழுத்தினால், அது தன் பக்க வளைவின்படியே பனியில் ஒரு வில்லைக் கீறிக்கொண்டு திரும்பும். 1990களில் ஸ்கீ பலகைகளும் இப்படி ஆழமான இடைவளைவைப் பெற்றன.

இந்தப் புதியவர்களை ஸ்கீ மைதானங்கள் உள்ளே விடவில்லை. காப்பீடு இல்லை என்றார்கள், மற்றவர்கள் மேல் மோதுவார்கள் என்றார்கள். 1983இல் வெர்மான்ட்டின் ஸ்ட்ராட்டன் கதவு திறந்தது. மற்றவை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. 1998இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டிங் இடம்பெற்றது. நார்வேயின் டெர்யே ஹாகன்சன், அக்காலத்தின் தலைசிறந்த வீரர், அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தார். யூட்டாவின் ஆல்ட்டா, டீர் வேலி, வெர்மான்ட்டின் மேட் ரிவர் க்ளென் ஆகிய மூன்றும் அதன் பிறகும் பல்லாண்டுகள் ஸ்னோபோர்டைத் தடை செய்தே வைத்திருந்தன.

விலக்கி வைத்ததால் ஒரு நன்மை விளைந்தது. இழுவைக் கம்பியில் ஏற இடமில்லாதவர்கள் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து ஏறினார்கள். இயந்திரம் ஓட்டிச் சமன்செய்த பனி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. விழுந்தபடியே கிடக்கும் பனியில், காற்று குவித்த பனியில், வெயில் பட்டு மேலோடு கட்டிய பனியில் அவர்கள் பழகினார்கள். பனியைக் காலால் படிக்கும் ஒரு தலைமுறை அப்படி உருவானது.

பனி என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் மொழியில் மார்கழி விடியலில் புல்மேல் நிற்கும் துளியும் பனி, பார்வையை மறைக்கும் மூட்டமும் பனி, இமயத்தில் கிடப்பதும் பனி. இந்த விளையாட்டுக்கு அடிப்படையான வெண்பனி வானிலேயே படிகமாகி விழுவது. குளிர்ந்த வறண்ட நாளில் புதிதாக விழுந்த பனியின் ஒரு கன மீட்டர் 50 முதல் 100 கிலோ வரைதான் எடை இருக்கும். அதே அளவு பனிக்கட்டி 917 கிலோ. அதாவது புதுப்பனியில் 100இல் சுமார் 90 பங்கோ அதற்கு மேலோ வெறும் காற்று. இதைத்தான் சறுக்குவோர் 'பவுடர்' என்கிறார்கள். அதில் காலால் நடந்தால் இடுப்பு வரை புதைவோம். அதே ஆள் பலகையில் வேகமாகப் போனால் மிதக்கிறார்.

ஏன் மிதக்கிறார்? பலகையின் பரப்பு பெரிது, எடை பரவுகிறது என்பது பாதி விடை. மறுபாதியைச் சொன்னவர்கள் ரத்த நாளங்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் என்பது இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நியூயார்க் சிட்டி கல்லூரியில் ஷெல்டன் வைன்பாம், தலைமுடியை விட மெல்லிய தந்துகிக் குழாய்களில் சிவப்பணுக்கள் எப்படி உரசாமல் போகின்றன என்று ஆராய்ந்தார். தந்துகியின் உட்சுவரில் மென்மையான ரோமப் படுகை போல ஒரு பூச்சு உண்டு. அணு வேகமாகச் சறுக்கும்போது பூச்சுக்குள் இருக்கும் திரவம் பக்கவாட்டில் கசிந்து வெளியேற நேரம் போதாது. அழுத்தம் ஏறி அணுவைத் தூக்கிப் பிடிக்கிறது. அணு நின்றுவிட்டால் பூச்சுக்குள் அமிழ்ந்துவிடும். 2000இல் அவரும் ஃபெங் என்ற ஆய்வாளரும் வெளியிட்ட கட்டுரை, புதுப்பனியில் சறுக்கும் மனிதருக்கும் இதே கணக்கு பொருந்தும் என்று காட்டியது. 160 செ.மீ. பலகை வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போனால், பனியின் ஒரு புள்ளியை அது 0.16 வினாடியில் கடந்துவிடும். பனித்துகள்களின் இடுக்குகளில் அடைபட்ட காற்று தப்பிக்க அந்த நேரம் போதாது. நசுங்கும் காற்று பலகையைத் தாங்குகிறது. ரத்தத்தில் ஓடும் அணுவும் மலையில் இறங்கும் மனிதரும் ஒரே விதியால் மிதக்கிறார்கள். நின்றால் இருவரும் மூழ்குவார்கள்.

கெட்டிப்பட்ட பனியில் வழுக்குவது வேறு கதை. 1939இல் பௌடன், ஹியூஸ் என்ற ஆய்வாளர்கள், உராய்வில் பிறக்கும் வெப்பம் பனியின் மேல்தோலை உருக்கி மிக மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது, பலகை அதன்மேல் வழுக்குகிறது என்று விளக்கினார்கள். கடுங்குளிரில் இந்தப் படலம் சரியாக உருவாவதில்லை. மைனஸ் 30 பாகையில் பனி ஆற்று மணலைப் போல இழுக்கும்.

இப்போது மலையைப் பெரிதாக்குவோம். 1990களின் தொடக்கத்தில் சறுக்குவோரின் கண் அலாஸ்காவின் வால்டீஸ் பக்கம் திரும்பியது. ஊருக்கு மேலே உள்ள தாம்ப்சன் கணவாயில் 1952–53 குளிர்காலத்தில் மட்டும் 24 மீட்டருக்கு மேல் பனி விழுந்தது பதிவாகியிருக்கிறது. அளவைவிட முக்கியம் அந்தப் பனியின் குணம். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில் பொழிவதால், கொலராடோவின் வறண்ட பனி நிற்காத செங்குத்தான பாறையிலும் அது ஒட்டிக்கொள்கிறது. 50 பாகைச் சரிவிலும் வெள்ளை பூசி நிற்கும். காற்றும் வழிந்தோடும் பனியும் அந்தச் சுவரைச் செதுக்க, மடித்துத் தொங்கவிட்ட திரைச்சீலை போல வரிவரியாக முகடுகள் எழும். அவற்றை முதுகெலும்பு என்ற பொருளில் 'ஸ்பைன்' என்று அழைக்கிறார்கள். ஒரு முகட்டின் உச்சி சில இடங்களில் பலகையின் நீளம்கூட இருக்காது.

அங்கே இறங்குபவரோடு கூடவே இன்னொன்றும் இறங்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் பெயர்ந்த உதிரிப் பனி பின்னால் ஆறாகப் பெருகி வரும். 'ஸ்லஃப்' என்று அதற்குப் பெயர். ஆளைவிட வேகமாக ஓடும், காலை வாரும், பாறைக்குள் தள்ளும். எனவே அனுபவசாலிகள் ஒரு முகட்டில் இரண்டு திருப்பம் போட்டுவிட்டு அடுத்த முகட்டுக்குத் தாவுவார்கள். பின்னால் வரும் ஆறு இடையிலுள்ள பள்ளத்தில் ஓடிப்போகும். அடிவாரத்தில் பனியாறு மலையை விட்டு விலகும் இடத்தில் ஆழமான வெடிப்பு வாய்திறந்து காத்திருக்கும். அதை வேகத்தோடு தாண்டியாக வேண்டும். உச்சியில் நின்றால் இவை எதுவும் தெரியாது. சரிவு குவிந்து வளைவதால் கால்நுனிக்குக் கீழே வெறும் வானம்தான் தெரியும். எதிர்மலையிலிருந்து எடுத்த படத்தை வைத்து, எந்தப் பாறைக்கு இடப்பக்கம், எந்த நிழலுக்கு வலப்பக்கம் என்று வழியை மனப்பாடம் செய்த பிறகே ஏறுகிறார்கள். அந்த வழியை 'லைன்' என்பார்கள். பெருமலைச் சறுக்கு என்பது பெரும்பகுதி இந்த மனப்பாடம்தான்.

இதே தலைமுறை இன்னும் உயரமாகவும் போயிற்று. பிரான்ஸின் ஷாமொனியைச் சேர்ந்த மார்கோ சிஃப்ரெடி 2001 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியிலிருந்து வடக்கு முகத்தில் நார்ட்டன் பிளவு வழியாக ஸ்னோபோர்டில் இறங்கினார். முந்தைய நாள்தான் அவருக்கு 22 வயது முடிந்திருந்தது. இன்னும் செங்குத்தான ஹார்ன்பைன் பிளவில் இறங்க மறு ஆண்டே திரும்பிப் போனார். 2002 செப்டம்பர் 8 அன்று உச்சியிலிருந்து புறப்பட்டவர் திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை.

எதற்காக இதைச் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு 'அட்ரினலின்' என்று ஒற்றைச் சொல்லில் விடை சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த விடை எனக்குப் போதவில்லை. 80 கிலோ எடையுள்ள ஒருவர் 1,000 மீட்டர் இறங்கும்போது விடுபடும் நிலையாற்றல் சுமார் 784 கிலோஜூல். உணவுக் கணக்கில் 190 கலோரிக்குச் சற்றுக் குறைவு. காலைச் சிற்றுண்டியில் மூன்று நான்கு இட்லி. ஆற்றலின் அளவில் பெரிதாக ஒன்றும் இல்லை. அது செலவாகும் வேகமும், அந்த வேகத்தில் மனம் செய்யும் வேலையும்தான் பெரிது.

டேவிட் ஈகிள்மன் என்ற நரம்பியலாளரும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. தன்னார்வலர்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து முதுகுப்பக்கமாக விழச் செய்தார்கள், கீழே வலை. மணிக்கட்டில் கட்டிய கருவியில் எண்கள் கண்ணால் படிக்க முடியாத வேகத்தில் மாறிக்கொண்டிருந்தன. அச்சத்தில் காலம் உண்மையிலேயே மெதுவாக ஓடுமானால், விழும்போது அந்த எண்களைப் படிக்க முடிய வேண்டும். யாராலும் முடியவில்லை. ஆனால் நீங்கள் எவ்வளவு நேரம் விழுந்தீர்கள் என்று கேட்டபோது, மற்றவர்கள் விழுந்ததாக மதிப்பிட்ட நேரத்தைவிட 36 சதவீதம் கூடுதலாகச் சொன்னார்கள். கண் வேகமாகவில்லை. நினைவுதான் அடர்த்தியாகப் பதிந்தது. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் இறக்கத்தை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க முடிவதற்கு இது ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் மலையேறுபவர்களையும் சதுரங்க ஆட்டக்காரர்களையும் அறுவைச் சிகிச்சை மருத்துவர்களையும் ஆராய்ந்து, வேலையில் தன்னை மறந்து கரையும் நிலைக்கு என்ன தேவை என்று 1970களில் எழுதினார். திறமைக்கு ஈடான சவால் வேண்டும். செய்தது சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிய வேண்டும். பலகை இந்த இரண்டாவதைத் தாராளமாகத் தருகிறது. விளிம்பு சற்றுத் தவறினால் அடுத்த நொடி உடம்பு அறியும். பனியின் மேல்தோல் அவ்வளவு நேர்மையான ஆசிரியர்.

அதே பனியின் உள்ளே இருக்கும் அடுக்கு அப்படி இல்லை. அது நூறு முறை எதுவும் சொல்லாது.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் புல்வெளி வெள்ளை பூத்துக் கிடப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, காற்றிலுள்ள ஈரம் இலைநுனியில் நேரடியாகப் படிகமாவதால் வரும் உறைபனி அது. பனிமலைகளிலும் தெளிந்த இரவுகளில் பனியின் மேற்பரப்பில் இதே உறைபனி முளைக்கிறது. இறகு இறகாக நின்று வெயிலில் மின்னும். மலைக்காட்சிகளில் அதைவிட அழகான ஒன்று குறைவு. மறுநாள் அதன்மேல் புதுப்பனி விழுந்து மூடினால், சீட்டுக்கட்டால் கட்டிய வீட்டின்மேல் மெத்தையைப் போட்ட கதைதான். வாரக்கணக்கில் அந்த இறகுகள் உள்ளே நின்றபடியே இருக்கும்.

நவம்பர் மழையின் ஓடு இன்னொரு வழியில் வேலை செய்தது. பனிப்போர்வையின் அடிப்பகுதி தரையின் சூட்டில் 0 பாகையை ஒட்டியே இருக்கும். மேற்பகுதியோ கடுங்குளிரில் கிடக்கும். போர்வை மெல்லியதாக இருந்து, 10 செ.மீ. தடிமனுக்கு 1 பாகைக்கு மேல் வெப்ப வேறுபாடு நிலவினால், நீராவி கீழிருந்து மேலாகத் தாவும். சூடான துகள் தேயும், குளிர்ந்த துகள் வளரும். வேகமாக வளரும் படிகங்கள் உருண்டையாகாமல் பட்டை தீட்டிய அஸ்கா சர்க்கரை போலாகும். கையில் அள்ளினால் விரலிடுக்கில் கொட்டிப்போகும்; ஒன்றோடொன்று ஒட்டாது. இறுகிய ஓடு ஒன்று நடுவில் குறுக்கிட்டால் அதையொட்டி இந்த வேலை இன்னும் மும்முரமாக நடக்கும். அந்தக் குளிர்காலத்தில் ஓட்டை ஒட்டி இப்படி ஒரு சர்க்கரை அடுக்கு வளர்ந்தது. அதன்மேல் விழுந்த பனியோ நாளாக நாளாகத் தன்னுள் பிணைந்து இறுகிப் பாளமாயிற்று.

ஒரு பலகைமேல் ரவையைப் பரப்பி, அதன்மேல் கடப்பைக்கல் ஒன்றை வைத்துப் பலகையைச் சாய்த்துப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சறுக்குநரின் எடை ஓரிடத்தில் பட்டு அங்குள்ள படிகங்கள் நொறுங்கினால், பாளம் அந்த இடத்தில் சில மில்லிமீட்டர் தாழும். தாழும்போது பக்கத்துப் படிகங்களையும் நொறுக்கும். அவை அடுத்தவற்றை. சமதரையில் நடக்கும்போதுகூட இது நிகழும். காலடியில் 'வும்ஃப்' என்று அடங்கிய ஒலி எழும். மலைக்காரர்களை அப்படியே நிற்க வைக்கும் ஒலி அது. 2022இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள், இந்த முறிவு சில மீட்டர் தூரம் ஓடிய பிறகு பூகம்பப் பிளவைப் போல வேகமெடுத்து, வினாடிக்கு 100 மீட்டரையும் தாண்ட முடியும் என்று காட்டினார்கள். சுவிட்சர்லாந்தில் ஒரு ஸ்னோபோர்டரின் காலடியில் உடைந்த சரிவின் காணொளியும் அவர்களுக்குச் சான்றாயிற்று. வீரர் ஒரு திருப்பம் முடிப்பதற்குள் அவருக்கு மேலே வெகுதூரத்தில் பாளம் அறுந்துவிடும்.

30 பாகைக்குக் குறைந்த சரிவில் அடுக்கு நொறுங்கினாலும் உராய்வு பாளத்தைப் பெரும்பாலும் பிடித்துவைக்கும். 50 பாகைக்கு மேல் பனி சேராமல் உதிர்ந்துகொண்டே இருக்கும். பாளம் கட்ட வாய்ப்பு குறைவு. பாளச்சரிவுகள் மிகுதியும் நிகழ்வது 30க்கும் 45க்கும் இடையில். சறுக்குவதற்கு மிக இன்பமான சாய்வும் அதுவே. இந்த ஒற்றுமைக்கு மாற்று வழி ஏதும் இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒரே புவியீர்ப்பு. உயிரிழப்பில் முடியும் பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பதை அதில் சிக்கியவரோ அவருடைய குழுவினரோதான் தூண்டியிருக்கிறார்கள்.

புதைந்தவருக்குக் காலம் மிகக் குறைவு. சரிவு நின்றதும் பனி சிமென்ட் போல இறுகும். விரலைக்கூட அசைக்க முடியாது. கொல்வது பெரும்பாலும் குளிரல்ல. வெளிவிட்ட மூச்சையே திரும்ப உள்ளிழுக்க நேர்வதுதான். முதல் 15 நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள் என்றும், 35 நிமிடங்களில் அது பத்தில் மூன்றாகச் சரிகிறது என்றும் 1994இல் வெளியான சுவிட்சர்லாந்துக் கணக்கு சொன்னது. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் புதைந்தபோது, 6 நாள்களுக்குப் பிறகு லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு மீட்கப்பட்ட செய்தியைத் தமிழகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு அரிது என்பது விளங்கும். 3 நாள்கள் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார். உடன் இறந்தவர்களில் நம் மாநிலத்தவரும் இருந்தார்கள்.

இவ்வளவு தெரிந்தும் தேர்ந்தவர்கள் ஏன் சிக்குகிறார்கள்? இயன் மெக்காமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 700க்கும் மேற்பட்ட விபத்துகளை எடுத்து இந்தக் கேள்வியைக் கேட்டார். அறியாமையைவிடப் பழக்கமே அங்கே பெரிய காரணமாக நின்றது. முன்பு இறங்கிய சரிவு, முன்னால் போனவர்களின் தடம், குழுவில் ஓர் அனுபவசாலி இருக்கிறார் என்ற தைரியம். பலவீனமான அடுக்கின்மேல் ஒருவர் 20 முறை இறங்கித் தப்பியிருந்தால், தம் தீர்ப்பு சரி என்று 20 முறை பாடம் படித்திருப்பார். அவர் தவறினார் என்பதைச் சொல்ல மலைக்கு வாயில்லை. பலகைக்கு அடியில் நொடிக்கு நொடி விடை கிடைத்துப் பழகிய மனத்துக்கு, இந்த மௌனம் ஒப்புதலாகவே கேட்கும். பெருமலைச் சறுக்கின் முழு ஆபத்தும் எனக்கு இந்த ஒரே இடத்தில் குவிந்திருப்பதாகத் தெரிகிறது.

கிரெய்க் கெல்லி இதை உணர்ந்தவர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியல் படித்தவர். வளர்ந்து பழகிய மலை பேக்கர். பின்னாளில் ஒரே பருவத்தில் சுமார் 29 மீட்டர் பனி விழுந்து உலகச் சாதனை படைத்த மலை. புகழின் உச்சத்தில் இருந்தபோதே 1990களின் தொடக்கத்தில் அவர் போட்டிகளை விட்டார். நேரம் பார்க்கும் கடிகாரமும் நடுவரும் இல்லாத மலைகளில் இறங்கினார். அது போதாதென்று, பனியை முறையாகப் படிக்கக் கனடாவின் மலை வழிகாட்டிப் பயிற்சியில் சேர்ந்தார். காலங்காலமாக ஸ்கீ சறுக்குநர்களுக்கே உரிய அந்தப் பயிற்சிக்குள் ஸ்னோபோர்டோடு நுழைந்தவர் அவர். உலகமே பார்த்துப் பழகிய ஒருவர் 30 வயதுக்கு மேல் திரும்பவும் மாணவராக அமர்ந்தது, அவருடைய எந்தப் பட்டத்தையும்விடப் பெரிய செயல் என்று நான் கருதுகிறேன்.

ஜனவரி 20 அன்று சரிவு உடைந்தது. 7 பேர் இறந்தார்கள். கெல்லிக்கு 36 வயது. 12 நாள்கள் கழித்து, பிப்ரவரி 1 அன்று அதே மலைத்தொடரின் ரோஜர்ஸ் கணவாய் அருகே வேறொரு சரிவு இறங்கி, பள்ளிப் பயணம் வந்திருந்த மாணவர்கள் 7 பேரைக் கொண்டுபோயிற்று. அந்தக் குளிர்காலத்தில் கனடாவில் பனிச்சரிவுக்குப் பலியானவர்கள் 29 பேர். நாடு அதிர்ந்தது. 2004இல் பொதுமக்களுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வழங்கத் தேசிய மையம் ஒன்று உருவானது. எந்த மாதத்தில் விழுந்த அடுக்கு எந்த ஆழத்தில் கிடக்கிறது, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தேதியிட்டுச் சொல்லும் அறிக்கையை மலைக்குப் போகிறவர்கள் காலையில் எழுந்ததும் படிக்கிறார்கள்.

விளையாட்டும் ஒரு சுற்று சுற்றி நடைக்கே திரும்பியது. 1994இல் யூட்டாவின் வொய்லே நிறுவனம், ஸ்னோபோர்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து இரண்டு ஸ்கீ பலகைகளாக மாற்றிக்கொள்ளும் உபகரணத்தை விற்கத் தொடங்கியது. பாப்பென் இரண்டை ஒன்றாக்கினார். இவர்கள் ஒன்றை இரண்டாக்கினார்கள். அடியில் ரோமப்பட்டை ஒட்டி மலையேறலாம். உச்சியில் சேர்த்துப் பூட்டி இறங்கலாம். அலாஸ்காவில் ஹெலிகாப்டரில் ஏறிப் புகழ்பெற்ற ஜெரமி ஜோன்ஸ் அதை விட்டுவிட்டு, 2010இல் வெளிவந்த 'டீப்பர்' படத்துக்காகக் கூடாரம் போட்டுத் தங்கி, நடந்தே ஏறி இறங்கினார். 2007இல் குளிர்காலங்களைக் காக்க ஓர் அமைப்பையும் தொடங்கியிருந்தார். 1,000 மீட்டர் ஏறுவதற்குத் தசைகள் இறக்கத்தின் ஆற்றலைப்போல நான்கைந்து மடங்கு செலவிட வேண்டும். ஹெலிகாப்டர் சில நிமிடங்களில் கொண்டுசேர்க்கும் உச்சிக்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாளும் கால் பனிக்குள்தான் இருக்கிறது. எங்கே குழைகிறது, எங்கே டொக்கென்று வெற்றொலி கேட்கிறது, காற்று எந்தப் பக்கம் பாளத்தைத் தடிப்பாக்கியிருக்கிறது என்று ஒவ்வோர் அடியும் சொல்கிறது.

பாதி வழியில் நின்று குழி தோண்டுகிறார்கள். சுவரில் அடுக்குகள் மரத்தின் ஆண்டு வளையங்கள் போலத் தெரியும். 30 செ.மீ. சதுரத்தில் ஒரு பனித்தூணை ரம்பத்தால் அறுத்துப் பிரிக்கிறார்கள். அதன் தலையில் மண்வெட்டியின் தகட்டை வைத்து, முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு. பிறகு முழங்கையிலிருந்து 10. பிறகு தோளிலிருந்து 10. எத்தனையாவது தட்டில், எந்த ஆழத்தில் தூண் விலகுகிறது, வழுவழுவென்று ஒரே தளமாக நழுவுகிறதா, பொக்குப்பொக்காக உடைகிறதா என்று குறித்துக்கொள்கிறார்கள். விரலால் அந்த ஆழத்துப் படிகங்களைக் கறுப்பு அட்டையில் தட்டி உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கிறார்கள். பட்டை தீட்டியவையா, உருண்டவையா?

பட்டைகள் மின்னினால் அங்கேயே பலகைகளைத் திருப்புகிறார்கள். உச்சி இன்னும் 300 மீட்டர்தான் இருக்கலாம், வானம் நீலமாக இருக்கலாம், மாதக்கணக்கில் படத்தில் பார்த்துப் படித்த லைன் கண்முன்னே நிற்கலாம். இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பூட்டி, மரங்களுக்கிடையே 25 பாகைக்கும் குறைந்த சரிவாகப் பார்த்துக் கீழே இறங்குகிறார்கள்.